பாதி ஓட்டம், பாதி வீச்சு

"ஓட்டம் முப்பது, வீச்சு முப்பது. ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்றார் திருமதி பிக்கெட்.

ஏக்ரன் பீவர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியே அந்த அம்மாளுடையது. எதிரே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தவர் வெர்ன் ஹால்ஸ்டட், அணியின் தாக்குதல் பயிற்சியாளர். ஆட்டம் தொடங்க நாற்பது நிமிடம்தான் இருந்தது.

"மேடம், எதிராளி எப்படி நிக்கிறான்னு பார்த்துத்தானே..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. போன வாரம் நாற்பத்தெட்டு தடவை பந்தைத் தூக்கி எறியச் சொன்னீங்க. ஓடறதுக்குன்னு வச்சிருக்கற டிமார்க்கோ சும்மா நின்னு நகம் கடிச்சான். அதுக்கு முந்தின வாரம் பூரா அவனையே ஓடவிட்டீங்க. எறியறதுக்குன்னு வச்சிருக்கற கோல்பி தேமேன்னு நின்னான். சமமா இருக்கணும், ஜெயிக்கவும் செய்யணும். இல்லேன்னா நாளைக்குக் காலைல அறையைக் காலி பண்ணிடுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடலாம், இல்லை தூக்கி எறியலாம். ஆட்டத்தில் இருப்பதே இந்த இரண்டு வழிதான். இதில் எதை எப்போது செய்வது என்று சொல்லத்தான் வெர்ன் என்று ஒரு மனிதர் இருந்தார். அதையும் அந்த அம்மாளே சொல்லிவிட்டால் அவர் என்னதான் செய்வார், பாவம்!

போன் அடித்தது. மனைவி கானி.

"வெர்ன், ஒரு சந்தோஷமான சமாசாரம். கீழறைல இருந்த அட்டைப்பெட்டி எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டேன்!"

வெர்னுக்குப் பகீரென்றது. ஒன்பது வருடத்தில் ஐந்து ஊர். பயிற்சியாளர் வீட்டில் வேறு எதைத் தூக்கிப் போட்டாலும் போடுவார்கள், வீடு மாற்றும் பெட்டிகளை மட்டும் போடமாட்டார்கள். மகளுக்கு இந்த ஊரில்தான் முதன்முதலாக ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள்.

"நல்லதுதான் கானி" என்றார் ஈனஸ்வரத்தில்.

ஆட்டம் தொடங்கியது. வெர்ன் எளிய வழி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஓட்டம், ஒரு வீச்சு, மறுபடி ஓட்டம், மறுபடி வீச்சு. அந்த அம்மாள் கேட்ட கணக்கு தப்பவே தப்பாது.

டேட்டன் ஹார்னெட்ஸ் அணியின் தடுப்பு வரிசையில் ப்ரூஸ்டர் என்று ஒருவன் இருந்தான். ஐம்பத்துநாலாம் நம்பர் சட்டை, ஆறே முக்கால் அடி உயரம். பீவர்ஸ் எட்டாவது தடவை பந்தை எடுத்தபோதே தன் ஆட்களைப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிட்டான்.

"இப்ப ஓடுவாங்கடா! எல்லாரும் உள்ள வாங்க!"

டிமார்க்கோ ஓடினான். மூன்று பேர் அவன் மேல் உட்கார்ந்தார்கள்.

சரி, இரண்டு ஓட்டம், இரண்டு வீச்சு என்று வெர்ன் மாற்றினார்.

"ரெண்டு ரெண்டாப் போறாங்கடா! இப்ப எறிவாங்க!" என்றான் ப்ரூஸ்டர்.

வெர்ன் பையிலிருந்து ஒரு காசை எடுத்தார். தலை விழுந்தால் ஓட்டம், பூ விழுந்தால் வீச்சு. அடுத்து வருவது என்னவென்று அவருக்கே தெரியாதபோது அந்தத் தடியனுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்தது! "வீச்சு! வீச்சு!" என்று கத்தினான். கோல்பி எறிந்த பந்தை ஹார்னெட்ஸ்காரன் ஒருவன் பறித்துக்கொண்டு போய்விட்டான்.

"இவன் என்ன மந்திரவாதியா?" என்று வெர்ன் பல்லைக் கடித்தார்.

பக்கத்தில் நின்ற உதவிப் பயிற்சியாளர் லெஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வெர்ன், கையில இருக்கற அட்டையைப் பாருங்க."

ஓட்டங்கள் ஒரு பக்கம் பச்சையில், வீச்சுகள் மறுபக்கம் மஞ்சளில் அச்சடித்த பெரிய அட்டை அது. உதட்டசைவை எவனும் படித்துவிடக்கூடாது என்று வெர்ன் அதை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டுதான் மைக்கில் பேசுவார். கோல்பியின் தலைக்கவசத்துக்குள் குரல் கேட்கும். அவர் மஞ்சளைப் படித்தால் மைதானத்துக்கே பச்சை தெரியும். பச்சையைப் படித்தால் மஞ்சள்.

"அடக் கடவுளே! முதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்க மும்முரமா இருந்தீங்க."

அட்டையைக் கீழே போட்டார். இப்போது உதடு தெரிந்தது. ப்ரூஸ்டர் அதையும் படித்தான். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கோச், என்ன சொல்றீங்க? ஒண்ணுமே புரியலை!" என்று கோல்பி அங்கிருந்தே கத்தினான்.

"ஓட்டம்டா, ஓட்டம்!" என்று வெர்ன் பதிலுக்குக் கத்தியது கடைசி வரிசையில் ரொட்டியும் சாசேஜும் தின்றுகொண்டிருந்தவர்களுக்குக்கூடக் கேட்டது. இடைவேளையில் ஹார்னெட்ஸ் பதினேழு, பீவர்ஸ் பூஜ்யம்.

உடைமாற்றும் அறையில் வெர்ன் கோல்பியின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, இனிமே நான் எதுவும் சொல்லப்போறதில்லை. ஓடவும் முடியும், எறியவும் முடியும், அப்படி ஒரே உத்தியைத்தான் திரும்பத் திரும்பப் பண்ணப்போறோம். பந்து கைக்கு வந்ததும் நீயே பார்த்து முடிவு பண்ணு."

"எதைப் பார்த்து, கோச்?"

"அது தெரிஞ்சா நான் ஏன்டா இப்படி முழிக்கிறேன்?"

இரண்டாம் பாதியில் அதிசயம் நடந்தது. ப்ரூஸ்டர் "ஓட்டம்! ஓட்டம்!" என்று முன்னைவிடப் பலமாகக் கத்தினான். கோல்பி எறிந்தான். "வீச்சு!" என்று கத்தினான். கோல்பி பந்தை டிமார்க்கோவிடம் கொடுத்தான், அவன் ஆளே இல்லாத பக்கமாக ஓடினான். எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஏழு புள்ளி. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை தாண்டினார்கள். ஆட்டம் முடிந்தபோது பீவர்ஸ் இருபத்தொன்று, ஹார்னெட்ஸ் அதே பதினேழு.

திருமதி பிக்கெட் ஓடிவந்து வெர்னைக் கட்டிக்கொண்டார். "எண்ணிப் பார்த்தேன்! ஓட்டம் முப்பது, வீச்சு முப்பது! அடுத்த வருஷமும் நீங்கதான்!"

அப்பாடா! வெர்னுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உடனே கானிக்குப் போன் போட்டார்.

"சமையலறைக்குப் பெயிண்ட் அடிக்கட்டுமா?" என்றாள் அவள்.

"தாராளமா அடி! ரெண்டு கோட்டா அடி!"

கோல்பியைத் தேடிப் பிடித்து முதுகில் தட்டினார். "எப்படிடா சமாளிச்சே?"

"நான் எங்க சமாளிச்சேன், கோச்? அந்த ஐம்பத்துநாலு என்ன கத்தினானோ அதுக்கு நேர்மாறா செஞ்சேன்."

வெர்னுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெளியே ஹார்னெட்ஸ் ஆட்கள் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ப்ரூஸ்டரைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் போக அவருக்கு மனசு வரவில்லை.

"என்ன தம்பி, தொண்டை வலிக்குதா? ரெண்டாவது பாதியில நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க!"

ப்ரூஸ்டர் பையைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாக அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"எங்களுக்கு முதலிடம் போன வாரமே உறுதியாயிடுச்சு கோச், ஆனா முப்பது முப்பது கணக்கு தப்பினாலோ தோத்தாலோ உங்களை அனுப்பிடுவேன்னு உங்க மேடம் இடைவேளைல டிவியில சொல்லிட்டாங்க, அடுத்த வருஷமும் உங்களோட ரெண்டு ஆட்டம் இருக்கு, உங்களை மாதிரி ஒருத்தரை நாங்க எங்க போய்த் தேடுவோம்?"