எப்படித் திருப்பினாலும் ஒரே முகம்

ஞாயிறு மலரின் குறுக்கெழுத்துப் பகுதி ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் கட்டங்களும் நலமென நம்புகிறேன். இங்கும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் எழுத வந்தது புகார்.

நான் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். கை சும்மா இருக்காமல், சமையலறையிலிருந்த வட்ட டப்பாக்களை எல்லாம் தூக்கிவிட்டு, அலமாரியில் இடைவெளியின்றி அடங்கட்டுமே என்று சதுர டப்பாக்களாக வாங்கி அடுக்கினேன். "மூலையில கரண்டி போகுமா? ஒட்டின மாவை யாரு சுரண்டறது? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் மனைவி. "இத்தனை வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு இடத்தோட அருமை தெரியாதா?" என்றேன். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வரும், டீ வரும், சொல் மட்டும் வராது.

அந்த நேரம் பார்த்துத் தாங்கள் வடிவங்களாகவே நிரப்பி ஒரு புதிர் போட்டீர்கள். 'அகலமாகத் தொடங்கி ஒரே புள்ளியில் முடியும்' என்றால் கூம்பு. எனக்கோ அவள் சண்டைதான் ஞாபகம் வந்தது, எங்கெங்கோ விரிந்து டப்பாவில் வந்து நிற்கும். 'நாலு பக்கத்தில் இரண்டுக்கு மட்டுமே இணை', சரிவகம். அந்த இரண்டின் மேல் பொறாமையாக இருந்தது. மத்தியானம் பென்சிலோடு சாய்ந்து கண்ணயர்ந்தால் கூரையிலிருந்து உருளைகள் பஞ்சு மாதிரி இறங்குகின்றன, ஜன்னலின் வெயில் செவ்வகம் தரையில் வழுக்கி வழுக்கி வந்து என் பாதத்தில் ஏறுகிறது, நான் ஒரு பெரிய கனசதுரத்தை மேகத்துக்குள் ஓட்டிக்கொண்டு போகிறேன், எல்லா நிறுத்தத்திலும் அவளே நிற்கிறாள், கதவைத் திறந்தாலும் ஏறமாட்டேங்கிறாள். வயசானவனுக்கு இதெல்லாம் தேவையா சார்?

கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சியது. 'முனை இல்லை, விளிம்பு இல்லை. எப்படித் திருப்பினாலும் ஒரே முகம்.' மூன்றெழுத்து. சத்தமாகப் படித்தேன். இன்னும் சத்தமாகப் படித்தேன். "ஒரே முகமாமே! நம்ம வீட்டு ஆளா இருக்குமோ?" என்று முனகினேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள், "கோளம்!" என்றாள்.

பேசிவிட்டோம் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளென்று பதறிப்போய் ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுகூடத் தெரியாமயா வண்டி ஓட்டினீங்க?"

"அதான் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

விளக்குப் போடக்கூட எழுந்திருக்காமல் பேசிக்கொண்டே இருந்தோம்.

ஆகவே, என்னைப் போன்ற சாதாரண ஆட்களைத் திணறடிக்கும் இத்தகைய கடினமான குறிப்புகளை இனித் தவிர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தங்கள் வீட்டில் என்றும் பேச்சுச் சத்தம் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு நீண்டகால வாசகன்

பி.கு.: கடினம் என்று எழுதியதை நம்ப வேண்டாம். கோளம் என்று எனக்குப் படித்தவுடனேயே தெரியும். தயவுசெய்து இதை அச்சில் மட்டும் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் பேப்பரை முதலில் பிரிப்பது அவள்தான்.