சகலையின் தலைமுடியும் என் வேண்டுதலும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகப் பேனாவை எடுப்பதும், முருகன் படத்தைப் பார்த்துவிட்டு மூடி வைப்பதுமாக இருந்தேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயம். அதைவிடப் பெரிய தடை, இதில் என் சகலை நல்லவராக வருகிறார்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நான் சூலூரில் விசைத்தறி ஓட்டுகிறவன். அவர் தலையில் நாற்பதைத் தாண்டியும் சுருள் சுருளாக முடி. எனக்கோ கல்யாண மாலையே தலையில் எங்கும் சிக்காமல் இறங்கியது. மாமியார் வீட்டுப் பந்தியில் அவர் இலையில் நெய் கேட்காமலே விழும். நான் கேட்டால் தீர்ந்திருக்கும். (நெய்க்காகச் சொல்லவில்லை.)

ஒரு முழுப்பரீட்சை லீவில் இரண்டு குடும்பமும் மாமியாரோடு ஊருக்கு வெளியே ஒரு விளையாட்டுப் பூங்காவுக்குப் போனோம். ரோலர் கோஸ்டர் வரிசையில் நிற்கும்போது சகலை என் மகளுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"அங்க பாரு அம்மணி, வளைவுல தண்டவாளத்தையே சாய்ச்சு உட்டிருக்காங்க. அப்பத்தான் ஆளு வெளிய தள்ளாம சீட்டோட அமுங்கும். பெரிய பள்ளத்துக்கு அப்புறம் கொஞ்ச தூரம் சமமாப் போகுது பாத்தியா? அது நாம மூச்சு வாங்கறதுக்கு. பயம் காட்டோணும், ஆனா ஒடம்பு நோகப்படாது. அதுதான் வேலைப்பாடு."

மகள் வாயைப் பிளந்து கேட்டாள். என் பேச்சுக்கு அந்த வாய் கொட்டாவிக்குத்தான் திறந்திருக்கிறது.

"நான் பெரியப்பாகூடத்தான் உக்காருவேன்."

"அப்பா நான் இருக்கறேன்ல கண்ணு?"

"நீங்க பயந்துக்குவீங்கப்பா."

வரிசையே திரும்பிப் பார்த்தது. கடைசியில் ஒப்பந்தம் இப்படி முடிந்தது: நான் பயப்படாமல் இறங்கிவிட்டால் அடுத்த சுற்று என்னோடு.

அவர்கள் முன்சீட்டில், நான் பின்சீட்டில். வண்டி மேலே ஏறும்போது சகலை திரும்பினார்.

"தம்பி, ஒடம்ப வெறைக்காதீங்க. வண்டி சாயற பக்கம் நீங்களும் சாஞ்சுக்குங்க, சொகமா இருக்கும்."

அவர் சொல்லிவிட்டாரே, நான் கேட்பேனா? உலக்கை மாதிரி விறைத்துக்கொண்டேன். முதல் பள்ளத்தில் உடம்பு இறங்கியது, வயிறு மேலேயே தங்கிவிட்டது. வளைவில் எல்லோரும் இடதுபக்கம் சாய, நான் வலதுபக்கம் மல்லுக்கட்டியதில் கழுத்து பிடித்துக்கொண்டது. முன்னால் மகள் சிரிக்கிறாள். சகலையின் முடி காற்றில் ஆனந்தமாகப் பறக்கிறது.

அப்போது அவர் சொன்ன அந்தச் சமதளம் வந்தது. சத்தம் சட்டென்று அடங்கியது. கிடைத்த முதல் மூச்சில் கத்தினேன்:

"சென்னிமலை முருகா, என்னை உசுரோட எறக்கி உட்ரு சாமி, எங்க சகலைக்கு மொட்டை அடிச்சுப்போடறேன்."

(என் தலையைத்தான் முதலில் நினைத்தேன். அதில் கொடுக்க என்ன இருக்கிறது? சாமிக்குக் குறை வைக்கலாமா?)

வேலியோரம் நின்ற மாமியார் வரைக்கும் கேட்டுவிட்டது. கோணிய கழுத்தோடு இறங்கியதும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, வேண்டுனா வேண்டுனதுதானுங்க. சாமி காரியம்."

சகலை முடியை ஒருதரம் தடவிப் பார்த்துச் சிரித்தார். "அதுக்கென்னுங்க அத்தை. தம்பி நல்லபடியா எறங்குனாரே, அது போதும். முடி மொளைக்குமுங்க."

அடுத்த சுற்றுக்கும் மகள் அவரோடுதான் போனாள்.

அடுத்த கிருத்திகைக்குச் சென்னிமலை. சுருள் சுருளாக விழுந்ததைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை முருகன் மன்னிக்கட்டும். அது சந்தனம் பூசும் வரைக்கும்தான். சகலை திரும்பினார். தேஜஸ் என்றால் அப்படி ஒரு தேஜஸ். மாமியார் கண்கலங்கினார். "பெரியப்பா, இப்பத்தான் இன்னும் அழகா இருக்கறீங்க" என்றாள் மகள். முடியும் முன்னைவிட அடர்த்தியாக முளைத்துவிட்டது.

இன்றைக்கும் வீட்டில் ஊசி, பரீட்சை எது வந்தாலும் மனைவி கேட்பாள்: "ஏனுங்க, இந்தத் தடவை யாரு தலைங்க?" நான் பூஜை அறைக்குள் நுழைந்தாலே, காலேஜ் படிக்கும் மகள் சகலைக்குப் போன் போடுகிறாள்: "பெரியப்பா, அப்பா சாமி கும்புடப் போறாரு. தொப்பி போட்டுக்குங்க."

இதை நாலு பேரிடம் சொல்வதானால் தயவுசெய்து இப்படியே சொல்லுங்கள், கூட்டிக் குறைக்காமல். சகலை சொல்லும்போது நான் அழுததாக ஒரு வரி சேர்க்கிறார். அழவில்லை. காற்று பட்டுக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவருக்கு ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். அவருக்கு எதுவுமே வராது.