கடைசிப் பிரதி விற்பனைக்கு இல்லை

வாடிக்கையாளரைக் கண்டு பயந்த கடைக்காரர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் பெரம்பலூரில் கடை வைத்திருந்தார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மற்ற கடைக்காரர்கள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்கள். இவர் மேசைமேல் இருக்கும் நல்ல சரக்கை எடுத்து உள்ளே ஒளித்துவைப்பார்.

ஊர் அவரைத் 'தனிச்சுற்று' என்றுதான் அழைத்தது. சிற்றிதழ்களின் கடைசிப் பக்கத்து மூலையில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். பொது விற்பனைக்கு அல்ல, நண்பர்களுக்குள் சுற்றிவர மட்டும் என்று பொருள். பத்திரிகைப் பதிவு என்ற தலைவலியிலிருந்து தப்பிப்பதற்காகவே பலரும் அப்படிப் போடுகிறார்கள் என்பது, அலுவலகக் கண்காணிப்பாளராகக் கோப்புகளோடு ஆயுளைக் கழித்து ஓய்வுபெற்ற எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் அந்த வரிக்கு எழுத்து பிசகாமல் கீழ்ப்படிந்தவர் அவர் ஒருவர்தான். என் பணிக்காலத்தில் எந்த அரசாணைக்கும் அப்படியொரு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், விதையும் பூச்சிமருந்தும் விற்கும் கடையின் மாடியில் அவர் கடை. சிற்றிதழ்களும் சிறு பதிப்பகப் புத்தகங்களும் மட்டுமே வைத்திருப்பார். கையால் தைத்த கவிதைத் தாள்கள், ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடித்த கதைகள், கீழப்பழுவூர்க் கல்வெட்டுகளைப் பற்றி மூன்று பேர் எழுதி அதே மூன்று பேர் மறுத்த ஓர் ஆய்விதழ், சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் அட்டை போட்ட ஓர் அரியலூர்க் காலாண்டிதழ். காலாண்டிதழ் என்றால் ஆண்டுக்கொரு முறை வருவது. கீழேயிருந்து ஏறிவரும் மருந்து நெடியில் கரையானும் ராமபாணமும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. தமிழ்நாட்டிலேயே பூச்சி அரிக்காத நவீன இலக்கியம் அங்கேதான் இருந்தது.

நான் முதன்முதலாகப் படியேறியபோது நடந்ததைச் சொல்கிறேன். மெல்லிய இதழ் ஒன்றை எடுத்து விலை கேட்டேன்.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"வாங்கத்தான்."

"வாங்கி?"

"படிப்பேன்."

"அப்ப இங்கயே படிங்க சார். ஃபேன் இருக்கு. வூட்டுக்குக் கொண்டுபோனா பீரோ மேல போட்டுருவீங்க."

படித்தேன். நன்றாக இருந்தது. வாங்கியே தீருவேன் என்றேன்.

"அது கடைசிப் பிரதி. விக்கறதில்ல."

"இதோ, இன்னொன்று இருக்கிறதே."

"ரெண்டு இருக்கு. ஒண்ண உங்ககிட்ட குடுத்துட்டா மிச்சமிருக்கறது கடைசிப் பிரதி ஆயிடுதுல்ல? நல்லா இருந்ததப் போயி அந்த நெலமைக்கு ஏன் சார் கொண்டாரணும்?"

இந்த வாதத்தை நீட்டினால் ஆயிரம் பிரதி இருந்தாலும் ஒன்றைக்கூட விற்க முடியாது. எத்தனையோ தணிக்கைக் குறிப்புகளுக்குப் பதில் எழுதியவன் நான். இதற்குப் பதில் தெரியாமல் மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். ஓய்வுபெற்றவனுக்குப் போக ஓர் இடம் வேண்டும், கோயிலில் கூட்டம்.

விதைக்கடைக்கு வரும் விவசாயிகள் சில நேரம் வழி தப்பி மாடியேறிவிடுவார்கள். ஒருநாள் ஒருவர் ஓட்டை ஓட்டையாய்க் கிடந்த மக்காச்சோளத் தோகையை நீட்டி, "படைப்புழு விழுந்துருச்சுங்க. மருந்து குடுங்க" என்றார். தனிச்சுற்று தோகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதப் பத்தி ஒரு கவிதை வந்திருக்கு" என்று அலமாரிப் பக்கம் போனார்.

"டேங்குக்கு எவ்வளவுங்க கலக்கணும்?" என்றார் வந்தவர்.

"கலக்க வேணாம். அப்படியே படிக்கலாம்."

"புழு முன்னாடியா?"

அவர் கீழே இறங்கிப் போனபிறகு தனிச்சுற்று எடுத்த இதழை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, "நியாயமான கேள்விதான் சார்" என்றார்.

விற்காத கடைக்காரர் எதைச் சாப்பிட்டார் என்று கேட்பீர்கள். அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுத்துச் சாப்பிட்டார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கைக்கு வந்துதான் போகும். ஒரு கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில், 'பாத்திரங்கள் அதிகம், யாரும் மனதில் நிற்கவில்லை' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். அச்சகத்துக்காரர் அதையும் சேர்த்து அடித்துவிட்டார். பெண்ணின் தாய்மாமன் ஆள் திரட்டிக்கொண்டு வந்தார். தனிச்சுற்று அசையவில்லை. "உங்க பேரு மட்டும் நிக்குது. அத அப்பவே சொல்லிருக்கணும், விட்டுட்டேன்" என்றார். தாய்மாமன் டீ குடித்துவிட்டுப் போனார்.

வாடகையை மட்டும் ஒன்றாம் தேதி காலையிலேயே கொடுத்துவிடுவார். அதனால் அந்த வகையில் சிக்கல் இல்லை. சிக்கல் வேறு வழியில் வந்தது. விதைக்கடை முதலாளிதான் கட்டடத்துக்கும் சொந்தக்காரர். ஒருநாள் மாலை மூச்சுவாங்க ஏறிவந்து வாசலில் நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க. தை பொறந்தா எடத்தக் காலி பண்ணிக் குடுத்துருங்க."

"வாடகை ஏத்தணுமா அண்ணே?"

"வாடகைய எவன் கேட்டான்? ஒரு கட்டடத்துல மேல வியாபாரம் தூங்குனா கீழயும் தூங்கும். என் ராசியே போவுது. நாலு பேரு கையில பையோட இந்தப் படியில ஏறி எறங்கி நான் பாக்கணும். நீங்க கட வச்சதுலேர்ந்து சார் ஒருத்தர்தான் வர்றாரு. அவரும் வெறுங்கையோட வந்து வெறுங்கையோட போறாரு."

என்னைப் பற்றி ஊரில் இப்படியொரு கணிப்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது.

அவர் போனபின் தனிச்சுற்று அலமாரிகளைப் பார்த்தபடி இருந்தார். எந்த வீட்டிலும் இதற்கெல்லாம் இடமில்லை. தாளைத் தைத்தவர்கள் வீட்டிலேயே இடமில்லை. அதனால்தான் இங்கே வந்து கிடந்தன. இந்த இடம் போனால் எல்லாம் எடைக்குத்தான் போகும். எடைக்கடைக்காரருக்குக் கடைசிப் பிரதி, கடைசிக்கு முந்தைய பிரதி என்ற பேதமெல்லாம் கிடையாது.

இனி நடைமுறை தெரிந்தவன் இறங்கினால்தான் ஆகும் என்று நானே இறங்கினேன். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விற்பனை நாளாக அறிவித்தேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு முறையான சுற்றறிக்கை தயாரித்தேன். இதழ் நடத்துவோர், எழுதுவோர், வாசிப்போர் ஆகிய முத்தரப்பினரையும் வருமாறு கேட்டுக்கொண்டு, பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். முத்தரப்பும் ஒரே ஆட்கள்தான் என்பது எனக்கு யாரும் சொல்லாத தகவல்.

முதல்நாள் மாலை அவரிடம் உறுதி வாங்கினேன்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் விற்க வேண்டும்."

"விக்கிறேன் சார்."

"கடைசிப் பிரதியாக இருந்தாலும்."

மேசைமேல் இருந்த இதழ்களை அடுக்க ஆரம்பித்தார்.

"கடைசிக்கு முந்தினது?"

"வர்ற ஆளப் பொறுத்து" என்றார். ஓர் அரசு ஊழியரிடம்கூட இதைவிடத் தெளிவான பதிலை நான் எதிர்பார்த்திருக்க மாட்டேன்.

ஞாயிறு காலை பஸ்கள் வரவரக் கூட்டமும் வந்தது. அரியலூர்க் காலாண்டிதழ்க்காரர் சிமெண்ட் மூட்டையோடு வந்தார். ஜெயங்கொண்டத்துப் பள்ளி ஆசிரியை இரண்டு கட்டைப்பைகளோடு வந்தார். மீன்சுருட்டியிலிருந்து ஒருவர் முந்திரிச் சாக்கைத் தோளில் தூக்கிவந்தார். வாங்கியதைக் கொண்டுபோகப் பை எடுத்துவந்திருக்கிறார்கள் என்று எனக்கு மகிழ்ச்சி. பைகளைத் திறந்தார்கள். எல்லாம் நிரம்பியிருந்தன. ஒவ்வொருவரும் தங்கள் இதழின் விற்காத பிரதிகள் அத்தனையையும் கொண்டுவந்திருந்தார்கள்.

அதற்குப்பின் நடந்தது விற்பனை நடைமுறையில் எந்த விதியின் கீழும் வராது. ஒருவர் தன் இதழை மற்றவரிடம் கொடுத்தார். மற்றவர் தன் இதழை இவரிடம் கொடுத்தார். யாரும் பணப்பையைத் தொடவில்லை. அது அவமரியாதையாம். மாற்றிக்கொண்டது போக மிச்சமிருந்த கட்டுகளைத் தனிச்சுற்றிடம் ஒப்படைத்தார்கள்.

"வச்சுக்கங்க அண்ணே. வித்தா பாத்துக்கலாம்" என்றார் மீன்சுருட்டிக்காரர்.

"விக்கலன்னா?" என்றேன் நான்.

அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "சாரு புதுசுங்களா?"

மாலைக்குள் அலமாரி நிரம்பித் தரை நிரம்பிக் கட்டுகள் படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தன. ஒரு பிரதிகூட விற்கவில்லை. மானத்தைக் காப்பாற்ற நானே ஒன்றை வாங்கிவிடலாம் என்று கையில் எடுத்தேன். தனிச்சுற்று என் காதோரம் குனிந்து, "சார், நீங்களுமா?" என்றார். வைத்துவிட்டேன்.

கூட்டம் கலைந்த நேரத்தில் முதலாளி ஏறிவந்தார். படியில் கிடந்த கட்டுகளைத் தாண்டித் தாண்டி வந்து நடுக்கூடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார். இரண்டு மாத அவகாசம் கோரி மனதுக்குள் ஒரு முறையீட்டைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை.

"காலையிலேர்ந்து கல்லாவுல உக்காந்து பாத்துட்டுதான் இருக்கேன். எங்கேர்ந்து சார் இவ்ளோ சரக்கு?"

"ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி, அரியலூர்..."

"காசு குடுத்தாச்சா?"

"இல்லைங்க. விற்றபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டுப் போகிறார்கள்."

"ரசீது?"

"யாரும் கேட்கவில்லை."

முதலாளி ஒரு கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். தனிச்சுற்றைக் கைகாட்டி என்னிடம் சொன்னார். "முப்பது வருசமா கட வச்சிருக்கேன். செக்கு வாங்காம விதைக் கம்பெனிக்காரன் ஒரு பாக்கெட் எறக்க மாட்டான். இந்த மனுசனுக்குப் பஸ்ஸேறி வந்து தோள்ல சொமந்து எறக்கிட்டு, காசும் கேக்காம ரசீதும் கேக்காம போறானுவ. இப்படி நம்பிக்க உள்ள ஆளக் காலி பண்ணச் சொன்னேன்னு பஜார்ல தெரிஞ்சா, நாளைக்கு எனக்கு எவன் சார் சரக்கு குடுப்பான்?"

போகும்போது திரும்பி, "படிக்குக் கீழ எடம் சும்மாதான் கெடக்கு. அதையும் எடுத்துக்கங்க" என்றார்.

ஒரு வியாபாரி சரக்கு வெளியே போவதைப் பார்த்துக் கடையை மதிப்பிடுவார் என்றுதான் நான் திட்டமிட்டிருந்தேன். உள்ளே வருவதைப் பார்த்தும் மதிப்பிடுவார் என்பது என் சுற்றறிக்கையில் இல்லை. தனிச்சுற்று படியில் கிடந்த கட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிவைக்க ஆரம்பித்தார்.

அடுத்த சித்திரையில் நான் கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டேன். அங்கே நடைப்பயிற்சிக்குப் பூங்கா இருக்கிறது. கோயிலிலும் கூட்டம் இல்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் பெரம்பலூர் போனவன், மாலையில் அந்தப் படியேறினேன். தனிச்சுற்று அறையில் தெரியவில்லை. கட்டுகளுக்கு நடுவில் குரல் மட்டும் கேட்டது. அவருடைய மேசையைக் காணோம். இரவில் அங்கேயே விரித்துப் படுக்கும் பாயைக் காணோம். தரையில் பார்த்த இடமெல்லாம் காகிதம். ஃபேனுக்கு நேர் கீழே மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது. புதிதாக வந்த கவிஞர் ஒருவர் தன் கட்டை அதன்மேல் இறக்கப் போனார்.

"அதுல வைக்காதீங்க தம்பி. அது சார் உக்கார்ற எடம்."

"எந்த சாருங்க?"

"சுற்றறிக்கை சார்."

"எங்க இருக்காரு?"

"கோயம்புத்தூர்ல."

கவிஞர் நாற்காலியையும் பார்த்தார், கையிலிருந்த கட்டையும் பார்த்தார். "அங்கேர்ந்து எப்பங்க வருவாரு?"

"வருவாரு" என்றது குரல்.

நான் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தேன்.