பிளாஸ்டிக் சாரின் முறுக்குக் கருவி

சிங்கப்பூரிலேயே பிளாஸ்டிக்குக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே மனிதர் எங்கள் பிளாஸ்டிக் சார்தான். எண்பதுகளில் நாங்கள் இருவரும் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும். காலையில் வந்ததும் கண்ணாடித் தகட்டின்மேல் தான் வளர்த்த பாலிமர் படலத்தைக் குனிந்து பார்ப்பார். "அவங்க இன்னிக்குக் கொஞ்சம் கோவமா இருக்காங்க, மெதுவாப் பேசுங்க" என்பார்.

மெல்லிய சிவப்புப் படலம் அது. மின்சாரம் கொடுத்தால் நீலமாகும்; திசை மாற்றிக் கொடுத்தால் மறுபடி சிவப்பாக வேண்டும். "எம்ஆர்டி ரயில் ஓட ஆரம்பிக்கட்டும், ஸ்டேஷன் போர்டெல்லாம் நம்ம பிளாஸ்டிக்தான்" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார்.

சிராங்கூன் சாலைச் சேலைக்கடையையும் அவர் விட்டுவைக்கவில்லை. கடைக்காரர் மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையை விரித்து, "அசைஞ்சா கலர் மாறும் சார்" என்றார்.

"என்னோடது அசையாமலே மாறும்" என்று தொடங்கி, பில் புத்தகத்தின் பின்புறத்தில் படம் போட்டு விளக்கினார். கூட வந்திருந்த சாரின் மனைவி, "நீங்க பாடத்த முடிச்சிட்டு வாங்க, நான் பஸ்ஸுக்குப் போறேன் லா" என்று நடையைக் கட்டினார்.

ஆனால் ஈரக்காற்று எமனாக வந்தது. படலம் ஒருமுறை நீலமாகும், அதோடு சரி. சிவப்புக்குத் திரும்ப மறுத்துவிடும். ஈரம் புகாதபடி தடித்த பிளாஸ்டிக் தாளால் ஒரு பெட்டி கட்டினார். உள்ளே கைவிட்டு வேலை செய்ய இரண்டு கையுறைகளை அதில் பொருத்தினார். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று அளக்கும் கருவி துறையில் இல்லை. பிளாஸ்டிக் சார் தேக்கா சந்தைக்குப் போய் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கி வந்தார்.

பெட்டிக்குள் தட்டில் ஒரு முறுக்கு. மறுநாள் காலை கையுறைக்குள் கைவிட்டு அதை உடைப்பார். நமுத்து வளைந்தால் பெட்டியில் எங்கோ ஓட்டை. துறைத் தலைவரான சீனர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டார்.

"லேப்ல சாப்பாடா? கேன்னாட் லா."

"சாப்பாடு இல்ல சார், இன்ஸ்ட்ருமென்ட்."

தலைவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மேலிடக் குழு வருகிறது, படலம் நிறம் திரும்பாவிட்டால் இந்த அறை கம்ப்யூட்டர்களுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பிளாஸ்டிக் சார் பெட்டியின் ஒவ்வொரு இணைப்பாகத் தடவித் தடவிப் பசை பூசினார். முறுக்கு நமுத்துக்கொண்டே இருந்தது. புதன்கிழமை கையுறையின் விளிம்பில் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்தார். வியாழக்கிழமை காலை பெட்டிக்குள்ளிருந்து 'மடக்' என்று சத்தம் கேட்டது. நான் ஓடினேன். அவர் கையுறைகளுக்குள் கைகளை வைத்தபடியே கண் கலங்கி நின்றார். உடனே புதிய படலம் ஒன்றை வளர்த்து உள்ளே வைத்தார்.

வெள்ளியன்று குழு வந்தது. தலைவியாக வந்த அம்மையார் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். சுவிட்சைப் போட்டார் பிளாஸ்டிக் சார். சிவப்பு, நீலமாயிற்று. மாற்றிப் போட்டார். நீலம், நீலமாகவே இருந்தது. எங்கள் துறைத் தலைவர் சுவரைப் பார்த்தார். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பிளாஸ்டிக் சார் பெட்டியோடு நெற்றியை ஒட்டி வைத்துத் தமிழில் சொன்னார்: "வாங்கம்மா. எல்லாரும் நம்ம ஆளுங்கதான்."

ஓர் ஓரத்தில் சிவப்பு கசிந்தது. பிறகு தகடு முழுக்கப் பரவியது.

அம்மையார் சுவிட்சைத் தானே போட்டுப் பார்த்தார். நீலம். சிவப்பு. மறுபடி போட்டார். குழுவினர் வரிசையில் நின்றார்கள். கடைசியில் எங்கள் தலைவர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு, "மை டர்ன் லா" என்றார். கம்ப்யூட்டர்கள் வேறு மாடிக்குப் போயின.

அன்று மாலை பேருந்தில் பிளாஸ்டிக் சார் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தோ பாயோவில் நான் இறங்கியிருக்க வேண்டும். எழுப்ப மனம் வராமல், கடைசி நிறுத்தம் வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.