பெரிசு பண்ண வேணாம்மா

ஊருக்கு ஊர் சமாதான ஆசாமி என்றொரு இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். எங்கே நாலு பேர் குரல் உயர்கிறதோ அங்கே வெள்ளைச் சட்டையோடு வந்து நிற்பார், நாற்காலியை இழுத்துப் போடுவார், எல்லோருக்கும் டீ சொல்லுவார், உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றை அமுக்கிக்கொண்டே "விடுங்க, பெரிசு பண்ண வேணாம்" என்பார். யாரிடம் சொல்கிறார்? அடிபட்டவனிடம்தான். அடித்தவனிடம் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அனகாபுத்தூர்ப் பக்கம் இந்த இனத்தில் முதல் தரம் தசரதன். அப்பா காலத்து நெல்வயல் இன்று அவருக்கு வாடகைக் கடைகளாகவும் ஒரு ஹார்டுவேர்ஸாகவும் விளைகிறது. அரசுப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான். அவருடைய பேரப்பிள்ளைகள் படிப்பது தனியார் பள்ளியில். அதைப் பெரிசு பண்ண வேண்டாம்.

ஒரு நாள் ஏஞ்சல் என்கிற தாய், பல்லாவரம் தோல் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தலைமையாசிரியர் அறைக்கு வந்தாள். அங்கே தசரதனும் உட்கார்ந்திருந்தார்.

"சார், எட்டாங்கிளாஸ்ல அத்தினி புள்ளைங்க கீதுங்க. எங்க தெரு புள்ளைங்க மூணு பேர மட்டும் டீச்சர் கக்கூஸ் கழுவ வுடறாங்க. எங்க ஜாஸ்மின் மாட்டேன்னு சொல்லிச்சு. அதுக்கு வெளிய குந்த வெச்சிட்டாங்க. இனிமே ஸ்கூலுக்கே போமாட்டேன்னு அழுவுது. இது இன்னா நியாயம்?" என்று கேட்டாள்.

வழக்கம்போலத் தலைமையாசிரியர் தலையாட்ட, தசரதன் பேசினார்.

"டீ சாப்பிடும்மா. டீச்சர் மனசுல ஒண்ணும் கிடையாது. எல்லாம் நம்ம பிள்ளைங்கதான். வெளிய தெரிஞ்சா ஸ்கூல் பேரு கெட்டுடும். நான் பாத்துக்கறேன்."

"டீ வேணாம் சார். ஏன் எங்க தெரு மட்டும்? அதச் சொல்லுங்க."

தசரதனைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பெண் குழந்தை படிப்பை விடுவதா என்று அவருக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டது. யோசித்து யோசித்து, டீச்சர் முகமும் வாடாமல் பிள்ளை முகமும் மலர ஒரு வழி கண்டுபிடித்தார். திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் ஜாஸ்மினுக்குச் சால்வை போர்த்தி, 'தூய்மைச் செல்வி' என்று பட்டம் கொடுப்பது. இந்த யோசனை வந்தபோது அவருக்கே கண் கலங்கியது. தெருவைப் பார்த்துத் தலையில் கட்டிய வேலையை, சால்வை போட்டு நிரந்தரமாக்குகிறோம் என்பது மட்டும் உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? அவருக்கு அது பிரச்சினை, இது தீர்வு.

பட்டம் என்று தெரியாமல், ஏதோ பதில் கிடைக்கும் என்று நம்பி ஏஞ்சல் மகளைக் கூட்டிவந்தாள். தசரதன் கொடிக்கம்பத்தடியில் உருக்கமாகப் பேசிமுடித்துச் சால்வையைப் பிரித்தார். ஜாஸ்மின் ஓரடி பின்னால் போனாள். பிறகு மைக்குக்கு நேராக வந்து நின்றாள்.

"நாங்க மூணு பேர்தான் கழுவுனோம். ஏன் நாங்க மூணு பேருன்னு டீச்சர் இந்த மைக்குல சொல்லட்டும். அப்புறம் போத்திக்கறேன்."

டீச்சர் தரையைப் பார்த்தார். தசரதனின் கை தானாகவே காற்றை அமுக்கியது. ஏஞ்சல் மகளை அழைத்துக்கொண்டு நேராகக் கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். விசாரணை வந்தது, டீச்சர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார். ஜாஸ்மின் இப்போது வகுப்புக்குள் உட்கார்ந்து படிக்கிறாள். கழிப்பறைக்கு ஆள் போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் முதல் நாளே செய்திருக்கலாம் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

தசரதன் மட்டும் இன்னும் டீக்கடையில் வருத்தப்படுகிறார். "பொண்ணு கேட்டது நியாயம்தாங்க. கேட்ட விதம்தான் சரியில்ல. மைக்ல எதுக்கு? ரூம்ல வந்து அமைதியா கேட்டிருந்தா நானே முடிச்சுக் குடுத்திருப்பேன்."

நீங்களும் லேசாகத் தலையாட்டினீர்களோ? அவள் அம்மா அறைக்கு வந்துதான் கேட்டாள். நீங்களும் படித்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?