அரைக்கன்னமும் அம்மன் கோயிலும்

மலாக்கா முழுவதிலும் உண்மைக்காக ஊரார் முகத்தைப் பாழாக்கிய ஒரே ஆள் அரைக்கன்னம்தான். தெங்கேராவிலிருந்து வாரந்தோறும் சைக்கிளில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வரும் நாவிதர். அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் அந்தத் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா.

அவருக்கு ஒரே பைத்தியம். தோட்டத்து மாரியம்மன் கோயிலைக் கட்டியது யார் என்று கண்டுபிடித்தாக வேண்டும். கட்டியவர் வம்சத்துக்குத்தான் திருவிழாவில் முதல் மரியாதை. ஆகவே கங்காணியும் "எங்க தாத்தா" என்பார், அவரோடு கூலியாட்களை மேய்க்கும் மண்டோரும் "எங்க தாத்தா" என்பார். வருஷா வருஷம் இருவரும் இழுத்த இழுப்பில் பரிவட்டம் கிழியும். அம்மன் பாவம், வேடிக்கை பார்ப்பாள்.

அரைக்கன்னம் தன் விசாரணையைக் கத்தியோடு நடத்தினார். ஒரு கன்னத்தை மழித்துவிட்டுத்தான் கேள்வியே ஆரம்பமாகும்.

"கங்காணி ஐயா, ஒங்க தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாரு?"

"அதெல்லாம் எனக்கு எப்படிடா தெரியும்?"

"கப்பலு தெரியல, கோயில் கட்டுனது மட்டும் தெரியுதாக்கும்? கேட்டுக்கிட்டு வாங்க. மத்த கன்னம் அப்புறம்."

கங்காணி பாதித் தாடியோடு வேலைக்காட்டுக்குப் போனார். மறுவாரம் மண்டோருக்குப் பாதி மீசை போயிற்று. அரைக்கன்னம் கோலா சுங்கை பாரு வரை சைக்கிள் மிதித்துக் கிழட்டு மீனவர்களையும் கேட்டுப் பார்த்தார். "எனக்குப் புத்தி தெரிஞ்ச நாளா இருக்கு" என்பதற்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை லாரிப் பாதை போடக் கோயிலை இடிப்பதென்று முடிவெடுத்தார். ஆள்கணக்கு எடுக்கும் காலைப் பெரட்டில், "கம்பெனி நிலத்திலே கோயில் கட்டினது யாரு? அவன் குடும்பமே இடிக்கணும்!" என்று உறுமினார். அந்த நிமிஷமே கங்காணியின் தாத்தாவுக்குக் கட்டட வேலை மறந்துவிட்டது. மண்டோரின் தாத்தாவோ மலாயாப் பக்கமே வரவில்லை.

அரைக்கன்னம் விடுவாரா? மறுநாள் பங்களாவில் துரைக்குச் சவரம். நான் கையெழுத்து வாங்க நின்றிருந்தேன். வலது கன்னம் முடிந்ததும் கத்தியை மடக்கிவிட்டார்.

"தொரை, ஒங்க கம்பெனி மொதல்ல வந்துச்சா, எங்க ஆத்தா மொதல்ல வந்தாளா?"

"நான் வரும்போது கோயில் இருந்தது."

"முந்துன தொரை வந்தப்ப?"

"அப்பவும் இருந்ததாம். சீக்கிரம் சிரை!"

"இடிக்கலன்னு சொல்லுங்க, சிரைக்கிறேன்."

துரைக்குத் தன் கையால் மழித்துப் பழக்கமில்லை. மாலையில் கிளப்பில் விருந்து வேறு. நுரை காய்ந்துகொண்டே வந்தது. துரை கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

பாதையைக் கோயிலுக்கு அப்பால் வளைத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டார் துரை. சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். ஆனால் முகத்தைத் துடைத்ததும் இன்னொன்றும் சொன்னார். அரைக்கன்னம் இனித் தோட்டத்து எல்லைக்குள் காலே வைக்கக் கூடாது.

அந்த வருஷத் திருவிழாவில் கங்காணியும் மண்டோரும் சேர்ந்து வடம் பிடித்தார்கள். ரதம் எல்லையைத் தாண்டி, தஞ்சோங் கிளிங் சாலையில் போய் நின்றது. அங்கே சைக்கிளைப் பிடித்தபடி, தூரத்திலிருந்தாவது அம்மனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அரைக்கன்னம் காத்திருந்தார். பூசாரி பரிவட்டத்தை எடுத்துத் தன்னிடம் வந்ததும் அரைக்கன்னம் மிரண்டுபோனார்.

"ஐயய்யோ, எங்க தாத்தா கட்டலய்யா!"

"தெரியும்லா அண்ணே. தலையக் குனிங்க," என்றார் கங்காணி.

குனிந்தார். பொலபொலவென்று கண்ணீர் விட்டார். அந்த மனுஷன்மேல் எங்களுக்கு எவ்வளவு பிரியம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. எங்களுக்கும் அன்றுதான்.