சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த ஃபில்டர்

ஒரு காட்டில் நாச்சிமுத்து என்றொரு கரடி இருந்தது. அதற்கு ஒரு பச்சை ஜீப் இருந்தது, வசந்தாமணி என்ற நல்ல மனைவி இருந்தது, குறையென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செங்கோடன் என்றொரு சகலையும் இருந்தது. எல்லா வினையும் அங்கேதான்.

வசந்தாமணியின் அக்காளைக் கட்டிய கரடி அந்தச் செங்கோடன். அதனிடம் ஒரு வெள்ளைக் கார். மாமனார் கருப்பண்ணன் மலை உச்சியில் ஒரு தேன்பாறையின் கீழே குடியிருந்தார். விருந்துக்குப் போனால் முதல் இலை செங்கோடனுக்கு, ஈரல் துண்டு செங்கோடனுக்கு. போன ஆடி விருந்தில், வாசலில் நாச்சிமுத்துவின் ஜீப் கழுவித் துடைத்து நிற்க, மாமனார் அதைத் தாண்டிப் போய் வெள்ளைக் காரில் ஏறிக்கொண்டார். அன்றைக்கு நாச்சிமுத்து பாதிச் சோற்றிலேயே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டது. கரடிக்கும் மானம் உண்டல்லவா?

இப்படியிருக்க, மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அடிவாரக் கோயிலில் தாலி கட்டி, ஒன்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வீட்டுக்கு ஊர்வலம். கருப்பண்ணன் இரண்டு மருமகன்களையும் கூப்பிட்டு, "யார் வண்டி நல்லா இழுக்குதோ, அதுல நானும் உங்க அத்தையும் வர்றோம் மாப்ள" என்று சொல்லிவிட்டார்.

நாச்சிமுத்து அன்றே ஜீப்பை மெக்கானிக் அந்தோணியிடம் ஓட்டிக்கொண்டு போனது. அந்தோணி ஓர் அழுங்கு, எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில், செதிலெல்லாம் கிரீஸ். பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டரை உருவி, தரையில் இரண்டு தட்டுத் தட்டியது. அரைப்படி புழுதி கொட்டியது.

"வண்டிக்கு மூக்கு அடைச்சிருக்குதுங்ணா. புதுசா ஒரு காகித ஃபில்டர் மாத்திட்டாப் போதும்."

"காகிதமா?"

"ஆமாங்ணா. காகிதந்தான். நம்ம மண் ரோட்டுத் தூசிக்கு அதுதான் லாயக்கு."

நாச்சிமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. செங்கோடனைக் காகிதத்தை வைத்தா ஜெயிப்பது? "யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பியது. யோசிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் நேரே எங்கே போவார்கள்? சந்தைக்குத்தான்.

சந்தையில் கீரி சுரேந்தர் கடை போட்டிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை, காதில் ஹெட்செட். சிவப்புப் பெட்டியிலிருந்து பட்டுப் புடவையை எடுப்பதுபோல் ஒன்றை எடுத்துக் காட்டியது. பருத்தித் துணியாலான ஃபில்டர்.

"எண்ணெய் போட்ட ஃபில்டர் சார். கழுவலாம், எண்ணெய் பூசலாம், மறுபடி மாட்டலாம். காற்று தாராளமா உள்ளே போகும். எடுப்பு, அதான் பிக்கப், கூடும், சத்தம் புலி மாதிரி இருக்கும். வண்டியோட ஆயுசு முழுக்க இது ஒன்றே போதும்."

"வண்டியோட ஆயுசு எத்தனை வருசமுங்க?"

"இதை மாட்டின பிறகு பெரும்பாலும் கஸ்டமர் அதைக் கேட்கிறதில்லை சார்" என்றது கீரி, பவ்யமாக. அது பொய் சொல்லவில்லை. நான்கு பக்கப் படிவம் ஒன்றை நீட்டியது. 'தூசியுள்ள இடங்களில் ஓட்ட மாட்டேன்' என்று மூன்றாம் பக்கத்தில் எறும்பெழுத்தில் இருந்த உறுதிமொழியிலும் நாச்சிமுத்து பாதத்தை மையில் தொட்டு ஒற்றியது.

மாட்டியதும் ஜீப் உறுமியது பாருங்கள், ஓடையில் தண்ணீர் குடித்த மான்கள் நான்கு திசைக்கும் தெறித்தன. நாச்சிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பாத்தியா வசந்தா, என்ன வேகம்!"

"சத்தந்தானுங்க கூடியிருக்குது" என்றது பக்கத்து இருக்கையில் இருந்த வசந்தாமணி. "அந்தப் புளியமரம் இன்னும் எம்பக்கத்துலயேதான் நிக்குது."

நாச்சிமுத்து அதைக் காதில் வாங்கவில்லை. பெட்டிக்குள் ஒரு குறிப்புத்தாள் இருந்தது. ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கழுவி, காயவைத்து, ஒரு மூடி எண்ணெய் மட்டும் பூசவும் என்று அதில் எழுதியிருந்தது. கரடிக்குச் சிரிப்பு வந்தது. எண்ணெய்க் குளியலைப் பற்றி நமக்கே பாடம் எடுக்கிறானா? ஆண்பிள்ளை வண்டி, சனிக்கிழமைதான் சரி என்று அதுவே முடிவு செய்தது.

சனிக்கிழமை காலை நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சியது. ஃபில்டரின் மடிப்பு மடிப்பாக விரல்விட்டு அழுத்தி, அரைமணி ஊறவைத்து, சீயக்காய் போட்டு அலசியது. சளி பிடிக்காமலிருக்கச் சாம்பிராணி காட்டியது. மேனி வறண்டு தெரியக் கூடாதென்று மறுபடி அரைக்கரண்டி எண்ணெய் விட்டது. குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாதல்லவா, அதனால் ஜீப்பை நிழலில் நிறுத்தவிடாமல் சாயங்காலம்வரை காட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டியது. இப்படி நான்கு சனிக்கிழமைகள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு வெள்ளோட்டம். மூன்றாம் வளைவில் ஜீப் இருமியது, முக்கியது, நின்றது. முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அந்தோணி ஏறி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டது.

"காத்தை அளக்குற சென்சார் மேல எண்ணெய் படிஞ்சு அதுக்குக் கண்ணே தெரியலீங்ணா. போதாததுக்கு, நைசான தூசியெல்லாம் உள்ள போயி எஞ்சினை அரைக்குது. சென்சாரைத் தொடச்சுட்டு, காகித ஃபில்டரையே போட்டுடலாம். இன்னும் ஒன்னும் கெட்டுப் போகலீங்ணா."

நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. சரி என்று சொல்ல வாயையும் திறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கீழ் வளைவில் வெள்ளைக் கார் திரும்பியது. கரடி படாரென்று பானெட்டைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டு மீசையைத் தடவியது.

"என்னாச்சுங்க சகல, வண்டி நின்னுருச்சா?" என்றது செங்கோடன், பல் முப்பத்திரண்டும் தெரிய.

"நானே நிறுத்தினேனுங்க. புது ஃபில்டர் போட்டதுல வேகம் கட்டுக்கடங்கலை. இந்த வளைவு தாங்காது."

செங்கோடன் மூக்கை நீட்டி மோந்து பார்த்தது. நல்லெண்ணெய், சாம்பிராணி. ஏதோ பெரிய சமாச்சாரம்தான் என்று பட்டது.

"எங்க வாங்குனீங்க?"

"உங்க வண்டிக்கு வேண்டாமுங்க சகல. அதெல்லாம் தாங்காது."

போதாதா? வெள்ளைக் கார் அங்கேயே திரும்பிச் சந்தைக்குப் பறந்தது. அந்தோணி மெதுவாக, "இப்பக் கழட்டிடலாமுங்களா?" என்று கேட்டது.

"சென்சாரை மட்டும் தொடச்சு உடு. சகலகிட்டச் சொன்னதுக்கப்பறம் ஃபில்டரைக் கழட்டுனா, அவரு என்னை என்னன்னு நெனைப்பாரு?"

கல்யாண நாள் வந்தது. அதற்குள் வந்த சனிக்கிழமையையும் நாச்சிமுத்து விடவில்லை. அடிவாரத்தில் இரண்டு வண்டிகளும் உறுமின. சத்தம் அதிகமாயிருந்த பச்சை ஜீப்பில் மாலையும் கழுத்துமாக மாமனாரும் மாமியாரும் ஏறினார்கள். நாச்சிமுத்து மருமகனாகி ஒன்பது வருடத்தில் இதுதான் முதன்முறை. நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. மூன்றாம் வளைவில் வெடித்தது ஜீப்பின் எஞ்சின். தம்பதியரை வெள்ளைக் காருக்கு மாற்றினார்கள்; நாச்சிமுத்துவும் வசந்தாமணியும் அதிலேயே தொற்றிக்கொண்டன. மோந்த நல்லெண்ணெய் வாசனையை நம்பி, சகலையை மிஞ்ச வேண்டுமென்று அந்த ஒரே வாரத்தில் ஃபில்டருக்கு மூன்று எண்ணெய்க் குளியல் போட்டிருந்த செங்கோடனின் கார், நான்காம் வளைவுவரை இழுத்து அங்கே உயிரை விட்டது.

மணமக்கள் மிச்ச ஐந்து வளைவையும் நடந்தே ஏறினார்கள். மேளக்காரக் குரங்குகள் பின்னால் போயின. வசந்தாமணியும் அக்காளும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தன.

நான்காம் வளைவுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இரண்டு கரடிகளும் உட்கார்ந்திருந்தன.

"எடுப்பு எப்படியிருந்துச்சுங்க சகல?" என்று கேட்டது நாச்சிமுத்து, பயந்து பயந்து.

செங்கோடன் புகைந்துகொண்டிருந்த தன் காரைப் பார்த்தது. பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்தது.

"அருமைங்க சகல. உங்களுக்கு?"

"சொல்லவே வேண்டாமுங்க."

செங்கோடன் சீர்த்தட்டிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, முதல் முறுக்கை நாச்சிமுத்துவிடம் நீட்டியது. இத்தனை வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக நாச்சிமுத்து எதையும் தின்றதில்லை.

நீதி: நாம் மட்டும் ஏமாந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், சகலையும் ஏமாந்துவிட்டால் முறுக்கைப் பிரித்தால் போதும்.